மூன்று விநாடிச் சிரிப்பு

மாடி வீட்டு இம்மானுவேலைக் கதாநாயகனாக நியமித்து முன்னோட்ட இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. சூளைமேட்டில் எங்கள் தெருவுக்கு இது ஒன்றும் புதிதல்ல. வருஷத்துக்கு ஒருவருக்காவது வரும். போன வருஷம் இஸ்திரிக் கடைக்காரருக்கு வந்தது. அவருக்குக் குடும்பப் படம். ஏழு மாதம் அழுது முடித்துவிட்டு இப்போது பழையபடி துணி தேய்க்கிறார்.

இம்மானுவேலுக்கு ஆக்‌ஷன் திரில்லர் போட்டிருந்தார்கள்.

முதலில் டிரெய்லருக்குத் திட்டம் போடுவார்கள். திட்டத்தில் எழுதியது நடந்தே தீரும். நடப்பதை ஒரு கேமராமேன் கூடவே இருந்து எடுத்துக்கொள்வார். இதில் யாருக்கும் ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

இம்மானுவேல் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். வயது நாற்பத்துநான்கு. கல்யாணம் ஆகவில்லை. பல்லியைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். சத்தம் போட்டு அவர் பேசி தெருவில் ஒருவரும் கேட்டதில்லை. இப்படிப்பட்ட மனிதரை எதற்குப் பிடித்தார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை. இலாகா காரணம் சொல்லாது.

கடிதத்தோடு வந்த படிவத்தில் ‘நெருங்கிய நண்பர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. இம்மானுவேல் யோசிக்கவே இல்லை. கீழ் வீட்டுத் தணிகாசலத்தின் பெயரை முத்து முத்தாக எழுதினார். பதினோரு வருஷப் பழக்கம். எழுதியதை ஆறு பிரதி எடுத்து, ஆறிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். கடை அவருடையதாயிற்றே, தாளுக்கா பஞ்சம். அதற்குப் பிறகுதான் கூடவே வந்திருந்த டிரெய்லர் திட்டத்தின் பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். படித்தவர் செருப்புகூடப் போடாமல் கீழே ஓடிவந்தார்.

“தணிகா, ஒரு தப்பு பண்ணிட்டேன்டா.”

“என்ன?”

“உன் பேரை எழுதிட்டேன்.”

“எதுல?”

இம்மானுவேல் தாளை நீட்டினார். தணிகாசலம் வாங்கிப் படித்தார். திட்டம் இதுதான்: முதல் ஏழு விநாடி அமைதி. இட்லி, கோலம், குழந்தைகள். எட்டாவது விநாடியில் நண்பர் மூன்று விநாடி சிரிப்பார். பிறகு ஒரு போன் வரும். பிறகு இருட்டு. பிறகு மத்தளம். பிறகு கார்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: எட்டாவது விநாடியில் சிரித்தவர் இடைவேளையைத் தாண்டமாட்டார்.

தணிகாசலம் கண்ணாடிக் கடையில் ஜன்னல்களுக்குக் கண்ணாடி அறுப்பவர். எதையும் இரண்டு தடவை அளந்து பார்த்துத்தான் அறுப்பார். அதனால் இரண்டு தடவை படித்தார். இரண்டு தடவையும் அதையே சொன்னது.

“எப்பவாம்?”

“தேதி போடல.”

“எப்படியாம்?”

“அதுவும் போடல. ‘பலத்த மழையில், நாயகனின் மடியில்’னு மட்டும் இருக்கு.”

“யாரு மடியில?”

“என் மடியிலடா,” என்று சொல்லிவிட்டு இம்மானுவேல் அழ ஆரம்பித்தார்.

தணிகாசலம் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். சாகப்போகிறவர் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. இம்மானுவேலோடு பழகினால் இப்படித்தான்.

மறுநாளே தெரு மாறிவிட்டது. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே அரை விநாடி எல்லாம் இருண்டு ‘டம்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பால்காரர் பாக்கெட்டை நீட்டுவார். டம். பாக்கெட் தணிகாசலத்தின் மனைவி பவளத்தின் கையில் இருக்கும். நடுவில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. தெருமுனையில் முந்நூறு இளநீரைக் கோபுரமாக அடுக்கிவிட்டுப் போனார்கள். அதன்மேல் ஒரு கார் வந்து மோத வேண்டும். கார் எப்போது வரும் என்று சொல்லாததால் இளநீரை வாங்கவும் முடியாமல் விற்கவும் முடியாமல் எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள். தணிகாசலம் வீட்டுச் சமையலறைக் கடிகாரம் அறுபதிலிருந்து பின்னோக்கி ஓடியது. ஒன்றுக்கு வந்ததும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி அறுபதிலிருந்து தொடங்கியது. பவளம் அதை வைத்து முட்டை வேகவைத்தாள்.

திட்டத்தை அவளும் படித்துவிட்டாள்.

“நீங்க சிரிச்சாத்தானே?” என்றாள்.

“ஆமா.”

“சிரிக்காதீங்க.”

அவ்வளவு சுலபமான வழி இருப்பது அதுவரை இரண்டு ஆண்களுக்கும் தோன்றவில்லை.

அன்று மாலையே கேமராமேன் கஜபதி வந்து சேர்ந்தார். மரியாதையான மனிதர். செருப்பை வெளியே விட்டுவிட்டு நேராக ஹாலில் இருந்த பரண்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். காப்பியைக் கூட அங்கேதான் குடித்தார்.

“மூணு விநாடி சிரிப்பு மட்டும் குடுத்துடுங்க சார். நான் பாட்டுக்குப் போயிட்டே இருப்பேன்.”

“சிரிப்பு வரலையே.”

“வரும்போது குடுங்க சார். அவசரமில்ல.”

தணிகாசலம் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். முதல் நாள் கஷ்டமாக இல்லை. சாவு பயம் இருக்கிறவனுக்குச் சிரிப்பு எங்கே வரும்? மூன்றாம் நாள்தான் சோதனை ஆரம்பித்தது. கடையில் முதலாளியின் விக் மின்விசிறிக் காற்றில் பறந்து போய் ஒரு வாடிக்கையாளரின் தலையில் பொருத்தமாக உட்கார்ந்தது. வாடிக்கையாளர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். தணிகாசலம் கையிலிருந்த கண்ணாடியைக் கடிக்காத குறையாக உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். ஜன்னலுக்கு வெளியே கஜபதி கேமராவோடு பெருமூச்சு விட்டார்.

ஐந்தாம் நாள் பவளம் சாப்பாடு போடும்போது சொன்னாள். “பதினாறு வருஷமா உங்க முகத்துல எனக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான். அதையும் எடுத்து உள்ள வெச்சிட்டீங்க.”

“நீதானே சொன்ன?”

“நான்தான் சொன்னேன். இப்பவும் அதைத்தான் சொல்றேன். வருத்தப்படறதுக்குக் கூடவா கூடாது?”

அவருக்கு அவளைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. குழம்பைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

ஆறாம் நாள் அவரும் இம்மானுவேலும் இலாகாவுக்குப் போனார்கள். இலாகாவின் தாழ்வாரம் நடக்க நடக்க நீளும். இம்மானுவேல் கதாநாயகனானதால் அவருக்கு மட்டும் நடை தானாகவே மெதுவாகிவிட்டது. ஒரு காலைத் தூக்கி வைக்க அரை நிமிஷம் ஆனது. எங்கிருந்தோ காற்று வேறு வந்து முடியைக் கலைத்தது. தணிகாசலம் இரண்டு தடவை முன்னால் போய்த் திரும்பி வந்தார்.

“கொஞ்சம் சீக்கிரம் வாடா.”

“முடியலடா. கால் கேட்க மாட்டேங்குது.”

பிரிவு அதிகாரி சுலோசனா மேடம் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர்தான் படங்களைப் பார்த்து வெட்டி ஒட்டுகிறவர். மேஜைமேல் ஒரு கத்தரிக்கோலும் ஒரு சின்னத் திரையும் இருந்தன.

“என்ன வேணும்?”

“எனக்கு நண்பன் வேஷம் வேணாம் மேடம். மாத்திக் குடுங்க.”

“என்னவா?”

தணிகாசலம் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். “துரத்தல் காட்சியில ரோட்டுக்குக் குறுக்கால ரெண்டு பேர் பெரிய கண்ணாடியைத் தூக்கிட்டுப் போவாங்க இல்ல? கார் வந்து கண்ணாடி மட்டும் உடையும். ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அது குடுங்க. நான் பத்தொன்பது வருஷமா அந்த வேலைதான் பாக்கறேன்.”

மேடம் ஒரு பேரேட்டைப் புரட்டினார். “தகுதி இருக்கு. இன்னொரு முனையை யார் பிடிக்கறது?”

“இம்மானு பிடிப்பான்.”

“அவர் காரை ஓட்டணும்.”

“எனக்குக் கார் ஓட்டத் தெரியாது மேடம்,” என்றார் இம்மானுவேல்.

“தெரியாதுன்னா இன்னும் நல்லா மோதும். அடுத்து.”

“அண்ணனாப் போடலாமா?” என்று கேட்டார் தணிகாசலம்.

“அண்ணன் பத்தாவது நிமிஷத்துல.”

“அப்பா?”

“பேர் போடறதுக்கு முன்னாலேயே.”

அதற்கு நண்பனே மேல் என்று தணிகாசலத்துக்குப் பட்டது. இரண்டு பேரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில் இம்மானுவேலுக்கு ஒரு யோசனை வந்தது. இம்மானுவேலுக்கு யோசனை வந்தால் தணிகாசலம் பொதுவாக வேறு பக்கம் பார்ப்பார். இந்தத் தடவை உயிர் சமாசாரம் என்பதால் கேட்டார்.

“நாம சண்டை போட்டுப் பிரிஞ்சிடலாம்டா. நண்பனே இல்லேன்னா எப்படி சாவ?”

மறுநாள் காலை பத்தரை மணிக்கு, நாலு பேர் பார்க்கட்டும் என்று, தண்ணீர்த் தொட்டி அருகே வைத்துக்கொண்டார்கள். பதினோரு வருஷத்தில் ஒரு சண்டை கூடப் போடாததால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

“உன் மூஞ்சி எனக்குப் பிடிக்கல,” என்றார் இம்மானுவேல். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

“உன் வீட்டுத் தண்ணி என் சுவத்துல ஒழுகுது,” என்றார் தணிகாசலம்.

“அது நிஜமா ஒழுகுதா?”

“ஒழுகுது.”

“சொல்லவே இல்லையே நீ.”

“இப்ப சொல்றேன் இல்ல?”

டம். தெரு இருண்டு வெளுத்தபோது இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். பிரிந்தாயிற்று. தணிகாசலம் அதை ஒரு தாளில் எழுதி, சாட்சிக்குப் பால்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தனியாக இலாகாவுக்குப் போய் மேடத்திடம் நீட்டினார்.

மேடம் முதல் தடவையாகப் புன்னகைத்தார்.

“ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க சார். சும்மா நண்பன் செத்தா ஒரு மடங்கு அழுகைதான். சண்டை போட்டுப் பிரிஞ்ச நண்பன்னா மன்னிப்பு வேற கேட்கணும். ரெண்டு நிமிஷம் கூடுதலா வரும்.” அந்தத் தாளைக் கோப்பில் வைத்து முத்திரை குத்தினார். “சாகற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்காதீங்க. பேசினா வேகம் குறைஞ்சிடும்.”

தணிகாசலம் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். இருந்த ஒரே துணையையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தது அப்போதுதான் உறைத்தது.

அதற்கடுத்த இரண்டு நாள்தான் மிகவும் மோசம். மாடியில் இம்மானுவேலின் காலடிச் சத்தம் கேட்கும். இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. ஒரு தடவை மாடிப்படியில் எதிரே வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பரணிலிருந்து இறங்கிவந்த கஜபதி விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். இம்மானுவேல் தலையைக் குனிந்துகொண்டு ஏறிப் போய்விட்டார். சுவரில் ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர் மட்டும் நின்றிருந்தது. யாருக்கும் சொல்லாமல் குழாயைச் சரி செய்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பவளம் போரூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். அவர்தான் வற்புறுத்தி அனுப்பினார். கடிதம் வந்த நாளிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை. தூக்கத்தில் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்கிற பயம். அன்றைக்கு மத்தியானம் பவளம் வைத்துவிட்டுப் போன வத்தக்குழம்பையும் அப்பளத்தையும் சாப்பிட்டுவிட்டு ஹாலில் வெறுந்தரையில் கொஞ்சம் முதுகைச் சாய்த்தார். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தெரியாது.

“சார். சார். முடிஞ்சிடுச்சு. எழுந்திருங்க.”

கண் விழித்தார். உடம்பு லேசாக இருந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தரையிலும் தண்ணீர். மேல்வீட்டுக் குழாய் மறுபடி போய்விட்டது போலும் என்று நினைத்தார். எதிரே கஜபதி கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இங்க பாருங்க சார். சிரிங்க.”

போட்டோ எடுக்கிறவர் சிரிக்கச் சொன்னால் சிரித்துவிடுகிற ஆள் தணிகாசலம். அரைத் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்துவிட்டார்.

“தேங்க்ஸ் சார்,” என்றார் கஜபதி.

கேமராவைப் பெட்டியில் வைத்தார். பரணில் இருந்த தன் காப்பி டம்ளரைக் கழுவி வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் தணிகாசலத்துக்கு என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஈரச் சட்டையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். மாலையில் பவளம் வந்து பார்த்தபோதும் அதே இடத்தில் இருந்தார்.

“சிரிச்சிட்டேன் பவளம்.”

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். அவருக்குப் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்தாள். சமையலறையில் கடிகாரம் ஒன்றுக்கு வந்து நின்று, மறுபடி அறுபதில் ஆரம்பித்தது.

“காலையில போங்க,” என்றாள் கடைசியில். “போய் அந்தச் சிரிப்பைத் திருப்பி வாங்கிட்டு வாங்க.”

திங்கட்கிழமை தாழ்வாரம் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. தணிகாசலம் ஓடினார். சுலோசனா மேடத்தின் மேஜைக்கு வந்து சேர்ந்தபோது மூச்சு இரைத்தது. பக்கத்தில் கஜபதி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சின்னத் திரையில் தணிகாசலத்தின் முகம் உறைந்திருந்தது. வாய் நிறையச் சிரிப்பு.

“அது என் சிரிப்பு மேடம். நான் வேணும்னு குடுக்கல. வெட்டிடுங்க.”

“ஏன் வெட்டணும்? நல்லா இருக்கு.”

“எட்டாவது விநாடியில அதைப் போட்டா நான் செத்துடுவேன்.”

மேடம் கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தார். பிறகு கஜபதியைப் பார்த்தார். “இவருக்கு நீங்க சொல்லலையா?”

“அவரே எழுந்து உக்காந்தாரே மேடம். தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்.”

மேடம் படத்தைப் பின்னோக்கி ஓட்டினார். சிரிப்புக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று காட்டினார்.

தணிகாசலத்தின் வீட்டு ஹால். தரையில் அவரே கிடக்கிறார். வாய் திறந்திருக்கிறது. ஒரு கை எங்கேயோ கிடக்கிறது. அப்படித் தூங்கினால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். மாடிப்படியிலிருந்து இம்மானுவேல் ஒரு கிண்ணத்தில் கேசரியோடு வருகிறார். சமாதானம் பேச வந்திருக்க வேண்டும். பார்க்கிறார். கிண்ணம் மெதுவாக, மிக மெதுவாகக் கீழே விழுகிறது. ஹாலுக்குள் மழை கொட்ட ஆரம்பிக்கிறது. இம்மானுவேல் ஓடிவந்து நண்பனின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார்.

“தணிகா! டேய்! எழுந்திருடா!” அவர் சத்தம் போட்டு தணிகாசலம் அன்றைக்குத்தான் கேட்டார். “உன் மூஞ்சி பிடிக்கலன்னு சொன்னேனே, பொய்டா! இந்த ஊர்ல எனக்குப் பிடிச்ச மூஞ்சி அது ஒண்ணுதான்டா! உன் குடை ஆட்டோல போச்சுன்னு சொன்னேன் இல்ல? ஆட்டோல போகலடா! நான்தான் உடைச்சேன்! ஆறு பிரதி எடுத்தேனேடா, ஆறு பிரதி!”

திரையில் இருந்த தணிகாசலம் லேசாகக் குறட்டை விட்டார். மழைச் சத்தத்தில் இம்மானுவேலுக்குக் கேட்கவில்லை.

இந்தப் பக்கம் இருந்த தணிகாசலம் திரைக்கு இன்னும் அருகில் குனிந்தார். தனக்காக இவ்வளவு அழ ஒரு ஆள் இருப்பதைப் பார்க்கிற பாக்கியம் சாகிறவர்கள் யாருக்கும் கிடைப்பதில்லை.

“நான் தூங்கிட்டு இருந்தேன் மேடம்,” என்றார்.

“அது உங்க நடிப்பு. மழை இருக்கு. மடி இருக்கு. மன்னிப்பு இருக்கு. இதுக்குமேல சாவுக்கு என்ன வேணும்?”

“அப்ப அந்தச் சிரிப்பு?”

கஜபதிதான் விளக்கினார். “செத்த ஷாட் எடுத்துட்டு ஆளை அப்படியே விடக்கூடாது சார். எழுப்பி, கேமராவைப் பாத்துச் சிரிக்க வெச்சு ஒண்ணு எடுத்துடணும். இல்லேன்னா அவருக்கு ஆகாது. எங்க தொழில்ல ரொம்ப நாள் வழக்கம். அதைத்தான் எடுத்தேன்.”

“எட்டாவது விநாடிக்கு?”

“அதுக்கும் இதையேதான் போட்டாகணும். வேற சிரிப்பு நீங்க குடுக்கலையே. இத்தனை நாள் பரண்ல உக்காந்து என் முதுகே போச்சு.”

தணிகாசலம் மேஜையைப் பிடித்துக்கொண்டார். “முன்னாலேயே சிரிச்சிருந்தா?”

“முன்னால சிரிச்சா பின்னால சாகணும்,” என்றார் மேடம். “பின்னால சிரிச்சா முன்னால செத்தாச்சு. விதியில தெளிவா இருக்கு.”

“மறுபடி சாகச் சொல்வீங்களா?”

“ஒரு படத்துக்கு ஒரு தடவைதான் சார். ரெண்டு தடவை செத்தா ஜனங்க நம்ப மாட்டாங்க.”

“அப்ப நிஜமா...”

“அது வேற இலாகா.”

மேடம் ஒரு தாளை எடுத்து, ‘மேற்படி தணிகாசலம் என்பவர் இறந்து முடித்துவிட்டார். இனி இவரிடமிருந்து எதுவும் தேவையில்லை’ என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். தணிகாசலம் அதை இரண்டு தடவை படித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போன மாதிரி இருந்தது. நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி. கஜபதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. “இம்மானு எங்க? அவன் நான் முழிச்சதைப் பாக்கலையா?”

“எப்படிப் பாப்பார்?” என்றார் மேடம். “நண்பன் செத்ததும் கதாநாயகன் எழுந்து நடக்கணும். திரும்பிப் பாக்கக்கூடாது. நேத்து மத்தியானத்துலேர்ந்து நம்ம தாழ்வாரத்துலதான் நடந்துட்டு இருக்கார்.”

தணிகாசலம் வெளியே ஓடினார். தாழ்வாரத்தில் தூரத்தில் இம்மானுவேலின் முதுகு தெரிந்தது. யாரோ கறுப்புச் சட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். அவருக்குப் பின்னால் தெரியாத ஆட்கள் ஐந்து பேர் வரிசையாக நடந்தார்கள். எல்லோருக்கும் முடி பறந்தது.

“இம்மானு! டேய்!”

இம்மானுவேலின் தோள் ஒரு தடவை குலுங்கியது. அவர் திரும்பவில்லை. தணிகாசலம் ஓட ஓடத் தாழ்வாரமும் நீண்டது. பின்னாலிருந்து பிடிக்க முடியாது என்று தெரிந்தது. நின்றார். அளந்து பார்த்தார். திரும்பி எதிர்ப் பக்கமாக நடக்க ஆரம்பித்தார். இவ்வளவு நீளத் தாழ்வாரம் எங்கேயாவது சுற்றிவந்து சேர்ந்துதானே ஆக வேண்டும்.

இருபது நிமிஷத்தில் இம்மானுவேல் எதிரே வந்தார்.

கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே இரண்டு கன்னமும் உப்புப் பூத்திருந்தது. பார்த்தார். தூக்கிய கால் அப்படியே நின்றது. கண்ணாடியைக் கழற்றினார். காற்று நின்றுவிட்டது.

“தணிகாவா?”

“நான்தான்டா.”

“நீ செத்துட்டியேடா.”

“ஆமா. முடிஞ்சிடுச்சு. தாள் கூடக் குடுத்துட்டாங்க, பாரு.”

இம்மானுவேல் தாளைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “வலிச்சுதா?”

“தூங்கிட்டு இருந்தேன்டா.”

“குடையைப் பத்திச் சொன்னது...”

“பாத்தேன். அது கிழிஞ்ச குடைடா. விடு.”

இம்மானுவேல் கதாநாயகன் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினார். தணிகாசலம் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். பின்னால் வந்த ஐந்து பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

“சார், நாங்க எதுவரைக்கும் நடக்கணும்?” என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

இம்மானுவேல் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அடுத்து அவர் பழி வாங்க வேண்டும். யாரை என்று இன்னும் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்தார். இந்தத் தடவை நல்ல யோசனைதான்.

“இடைவேளை,” என்றார்.

“எவ்வளவு நேரம் சார்?”

“அது போடல.”

ஐந்து பேரும் பரம நிம்மதியோடு டீ குடிக்கப் போனார்கள். தாழ்வாரம் நாலே எட்டில் முடிந்து வாசல் வந்தது. இம்மானுவேல் சாதாரண வேகத்தில் நடந்தார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்கள். இரண்டு நாள் பேசாததை எல்லாம் பேசினார்கள். பெரும்பாலும் குழாயைப் பற்றி.

வீட்டு வாசலில் பவளம் நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து அங்கேயேதான் நின்றிருப்பாள் போல. இரண்டு பேரையும் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் கேட்டாள்.

“என்னாச்சு?”

“செத்தாச்சு,” என்றார் தணிகாசலம். தாளை நீட்டினார்.

பவளம் முழுவதும் படித்தாள். ஓர் எழுத்து விடவில்லை. படித்துவிட்டுத் தாளை மடித்துக் கதவு இடுக்கில் செருகினாள். அவர் வாசற்படியில் காலை வைத்தார்.

“அங்கேயே நில்லுங்க,” என்றாள்.

“ஏன்?”

“ஏனா? சாவுக்குப் போயிட்டு வந்திருக்கீங்க. குளிக்காம உள்ள வருவீங்களா?”

“அது என் சாவு பவளம்.”

“யாருதா இருந்தா என்ன, சாவு சாவுதானே. இம்மானு அண்ணே, நீங்களும் மேல போயிடாதீங்க. நில்லுங்க.”

இம்மானுவேலும் வரிசையில் நின்றார். பவளம் உள்ளே போய் வாளியில் தண்ணீரும் சொம்பும் கொண்டுவந்தாள். யாருக்கு முதலில் ஊற்றுவது என்று ஒரு கணம் யோசித்தாள். தணிகாசலத்தைக் குனியச் சொன்னாள்.

முதல் சொம்பு தலையில் விழுந்தது. நல்ல குளிர்ந்த தண்ணீர். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சிலிர்ப்போடு சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. விட்டார். அது மூன்று விநாடியில் நிற்கிற சிரிப்பாக இல்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். இம்மானுவேலும் சேர்ந்துகொண்டார்.

“போதும், தண்ணி மூக்குல ஏறும்,” என்றாள் பவளம்.

அடுத்த சொம்பை ஊற்றினாள். அதற்கடுத்ததையும் ஊற்றினாள். வாளி காலியானது. அவளுடைய இன்னொரு கை மட்டும் அவர் ஈரத்தலையிலேயே இருந்தது. எடுக்க அவளுக்கு மனமில்லை. அவரும் குனிந்தபடியே நின்றார்.

“எனக்குத் தண்ணி?” என்று கேட்டார் இம்மானுவேல்.

“இருங்கண்ணே, பிடிச்சிட்டு வரேன்,” என்றாள் அவள். ஆனால் நகரவில்லை.